ஒரு கை தூக்கினால் அசையக் கூடாது

வாழ்நாளெல்லாம் துறைமுகத்தில் கிரேன் ஓட்டினேன். கிரேன் ஓட்டுகிறவனுக்குக் காதால் பிரயோசனமில்லை. அங்கே இருக்கிற இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் யாரோ தும்முகிறார்கள் என்றுதான் தோன்றும். கீழே நிற்கிற ஆளின் கைதான் எங்களுக்கு எல்லாம். அந்தக் கை சொன்னால் தூக்குவோம், சொன்னால் இறக்குவோம். கல்யாணமான புதிதில் என் மனைவி, "சாப்பாடு எடுத்து வைக்கவா?" என்று கேட்டாள். நான் பழக்கதோஷத்தில் கட்டைவிரலை மேலே காட்டினேன். அவள் சோற்றுப் பானையைப் பரண்மேல் ஏற்றிவிட்டாள். அன்றைக்கு ஏணி போட்டுத்தான் சாப்பிட்டேன்.

ஓய்வு பெற்றபின் என்னைப் பறவை பார்க்க இழுத்துக்கொண்டு போனவன் மனைவியின் தம்பி. மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறான். ஊரார் கண்ணையெல்லாம் சரிசெய்து அனுப்பிவிட்டு, தன் கண்ணை ஒரே ஒரு பறவைக்காகப் பத்திரமாக வைத்திருந்தான். கரண்டிமூக்கு உள்ளான் என்று பெயர். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது. அலகின் நுனி மட்டும் தட்டையாக, மருந்து ஊற்றும் கரண்டி மாதிரி இருக்கும். உலகத்திலேயே கொஞ்சம்தான் மிச்சமாம். குளிர்காலத்தில் வடக்கிலிருந்து கிளம்பி, எந்தக் கரையில் இறங்கலாம் என்று அதுவே முடிவு செய்துகொள்ளுமாம். எங்கள் கரையில் இறங்கியதாக யாரோ எப்போதோ சொன்னதை நம்பி, மச்சான் வருஷாவருஷம் காத்திருந்தான். அவனுக்குப் பெண் பார்த்ததுகூட கோடைகாலத்தில்தான். குளிர்காலத்தில் வேறு எதையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

எங்கள் கூட்டத்தில் நான்கே பேர். நாங்கள் இருவர், பல் டாக்டரம்மா, பேக்கரிக்காரர். விடிந்ததும் துறைமுகத்து அலைதடுப்புச் சுவரில் கடல்காகங்களைப் பார்ப்போம். அந்தச் சுவரில்தான் ஒரு கடல்காகம் என் பல் செட்டைத் தூக்கிக்கொண்டு போனது. துடைப்பதற்காக ஒரு நிமிஷம் கழற்றி வைத்திருந்தேன். அடுத்த வாரம் அது அதே சுவரில் உட்கார்ந்து, செட்டைப் போட்டுக்கொண்டு, என்னைப் பார்த்துச் சிரித்தது. டாக்டரம்மா தொலைநோக்கியில் பார்த்துவிட்டு, "உங்களைவிட அதுக்குத்தான் கச்சிதமா இருக்கு" என்றார்.

சுவரை முடித்துக்கொண்டு, எண்ணெய்த் தொட்டிகளுக்குப் பின்னால் இருக்கிற சதுப்புக்குப் போவோம். கடல் வற்றியிருக்கும்போது அங்கே கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. குளிர்காலப் பறவைகள் எல்லாம் அதில் இரை தேடும். மூன்று பேர் மண்கரைமேல், பறவை பார்க்கும் கொட்டகைக்குப் பக்கத்தில், முக்காலியில் தொலைநோக்கியைப் பொருத்தி உட்கார, ஒருவர் மட்டும் சேற்றில் இறங்கி முன்னால் போவார். முன்னால் போனவர் குந்தி உட்கார்ந்து, குட்டையாகி, கம்பம் மாதிரி இருந்துவிட வேண்டும். பறவைகள் பழகி, அருகில் வரும்.

பேசினால் பறவை பறந்துவிடும். போன் அடித்தால் பறந்துவிடும். எனவே போன்களையெல்லாம் அணைத்து டாக்டரம்மாவின் பையில் போட்டுவிடுவோம். பிறகு எப்படிச் சேதி சொல்வது? அதற்குத்தான் நான் இருந்தேனே. கிரேன் சைகையைக் கொஞ்சம் மாற்றி அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். ஒரு கையைத் தூக்கினால், பறவை இங்கே இருக்கிறது, யாரும் அசையக் கூடாது. இரண்டு கையையும் தூக்கினால், இங்கே ஒன்றும் இல்லை, நீங்கள் அடுத்த இடத்துக்குப் போங்கள், நான் வந்து சேர்கிறேன். அவ்வளவுதான். துறைமுகத்தில் ஆபத்துக்கென்று தனிச் சைகை உண்டு. பறவை பார்ப்பதில் என்ன ஆபத்து வந்து கொட்டிவிடப் போகிறது என்று அதை விட்டுவிட்டேன்.

அன்று காலை முன்னால் போகும் முறை என்னுடையது. குளிர் என்றால் அப்படிக் குளிர். பேக்கரிக்காரர் "அண்ணே" என்று கூப்பிட்ட சொல் பாதி வழியில் உறைந்துபோய், நான் திரும்பி வந்து பொறுக்கிக் கேட்க வேண்டியிருந்தது.

"என்னய்யா?"

"ஒண்ணுமில்லண்ணே, பார்த்துப் போங்கன்னு சொன்னேன்."

"அதை அங்கேயே சொல்லியிருக்கலாமே."

"சொன்னேனே!"

மச்சான் எங்களைப் பார்த்து விரலை உதட்டில் வைத்தான். அவனுக்கு இந்தச் சமயத்தில் சிரிப்பே பிடிக்காது.

நான் வழக்கமாகப் போகும் தடத்தில்தான் போனேன். அது கெட்டியான சேறு. யானை போனாலும் கணுக்காலுக்கு மேல் இறங்காது. ஆனால் துறைமுகத்தில் புதிதாகத் தூர்வாரும் கப்பல் வந்திருந்தது. அடியில் உறிஞ்சிய குழம்பைக் குழாய் வழியாகச் சதுப்பின் ஓரத்தில் கொட்டியிருக்கிறார்கள். அது எங்களுக்குத் தெரியாது. மேலே பாலாடை மாதிரி காய்ந்து, பழைய சேறு மாதிரியே கிடந்தது. வலது காலை வைத்தேன், முழங்கால்வரை போனது. அதை எடுக்க இடது காலை ஊன்றினேன், அது தொடைவரை போனது. பிறகு இரண்டும் ஒன்றுக்கொன்று போட்டி போட்டுக்கொண்டு இறங்கின. இடுப்புக்குக் கொஞ்சம் கீழே வந்ததும் நின்றன.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது, பயம் வரவில்லை. புது பூட்ஸ். காலை இழுத்தேன், சேறும் இழுத்தது. அதற்கு என்னைவிடப் பலம் அதிகம். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு நிமிர்ந்து கடலைப் பார்த்தேன். தூரத்தில் சேற்றின் விளிம்பு பளபளத்தது. வரும்போது அந்தப் பளபளப்பு அங்கே இல்லை. கடல் ஏற ஆரம்பித்துவிட்டது.

அந்தச் சதுப்பில் கடல் ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே அலை வராது. சத்தம் வராது. சும்மா இருந்த இடம் மினுங்கும், அவ்வளவுதான். நான் நின்ற இடத்தில் கடல் முழுசாக ஏறினால், என்னைவிட உயரமான ஆளுக்கும் தலைக்கு மேலே தண்ணீர் போகும்.

இடுப்பைத் திருப்பிக் கரையைப் பார்த்துக் கத்தினேன். காற்று கரையிலிருந்து கடலுக்கு வீசியது. தூர்வாரும் கப்பல் வேறு விடாமல் உறுமிக்கொண்டிருந்தது. என் குரல் என் மூக்கைத் தாண்டவில்லை. நான் முகத்தைக் கடல் பக்கம் வைத்து மாட்டியிருந்ததால் அவர்களுக்கு என் முதுகுதான் தெரியும். எனக்கு எதிரே, கடல்மேல் சூரியன். அவர்கள் கண்ணுக்கு நான் ஒரு கறுப்புப் பொம்மை. இடுப்புவரை தெரிகிறேன் என்றால், வழக்கம்போல் குந்தி உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

பதற்றத்தில் மனுஷன் செய்கிற காரியத்தைத்தான் நானும் செய்தேன். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன்.

கரையில் மூன்று உருவங்கள் எழுந்தன. அப்பாடா என்றிருந்தது. பேக்கரிக்காரர் முக்காலியை மடக்கினார். டாக்டரம்மா பையைத் தோளில் மாட்டினார். மச்சான் தொலைநோக்கியைத் தூக்கித் தோள்மேல் சாத்திக்கொண்டான். பிறகு மூவரும் வரிசையாக, ரொம்ப ஒழுங்காக, அடுத்த இடத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தார்கள்.

அந்த நிமிஷத்தில்தான் பயம் வந்தது. நான் கற்றுக்கொடுத்த பாடத்தை ஒரு எழுத்து பிசகாமல் படித்திருந்தார்கள்.

இடது கையைச் சடாரென்று இறக்கினேன். வலது கை மட்டும் மேலே நின்றது.

மூவரும் நின்றார்கள். நின்ற இடத்திலேயே மெதுவாக உட்கார்ந்தார்கள். முக்காலி விரிந்தது. யாரும் அசையவில்லை.

இப்போது என் நிலைமையைப் பாருங்கள். கையை இறக்கினால் பறவை போய்விட்டது என்று நினைத்துக் கிளம்பிவிடுவார்கள். இரண்டு கையைத் தூக்கினால் இப்போதே கிளம்பிவிடுவார்கள். ஒரு கையைத் தூக்கியபடியே இருந்தால், என்னைப் பார்த்தபடி, அசையாமல், நான் முழுகுகிற வரைக்கும் மரியாதையாகக் காத்திருப்பார்கள். வேறு வழி எதுவும் தோன்றும்வரை அவர்களை அங்கேயே நிறுத்திவைக்க வேண்டும். கையைத் தூக்கியபடியே இருந்தேன்.

தண்ணீர் வந்து இடுப்பைத் தொட்டது. குளிரில் பல் அடித்துக்கொண்டது. விரலால் தோண்டிப் பார்த்தேன். ஒரு பிடி எடுத்தால் ஒன்றரைப் பிடி உள்ளே வந்தது.

கடல் ஏறினால் பறவைகளுக்கு இடம் குறையும். மிச்சமிருக்கிற மேட்டை நோக்கி ஒதுங்கி ஒதுங்கி வரும். அன்று மிச்சமிருந்த மேடு எனக்கு எதிரே, கை நீட்டினால் எட்டாத, துண்டு எறிந்தால் விழக்கூடிய தூரத்தில் இருந்தது. முதலில் நீள அலகுள்ள மூக்கன்கள் வந்தன. உயரவாரியாக நின்றுகொண்டன, பள்ளிக்கூடப் போட்டோவுக்கு நிற்கிற மாதிரி. அப்புறம் அலகு வளைந்த கடற்கரைக் கோட்டான்கள், அப்புறம் பொடி உள்ளான்கள் கூட்டம் கூட்டமாக. ஒரு ஆலா என்னைச் சுற்றி இரண்டு வட்டம் அடித்து, தூக்கிய என் முஷ்டிமேல் உட்கார்ந்து, சிறகைக் கோத ஆரம்பித்தது. ஒரு நண்டு சட்டைப்பைக்குள் புகுந்து, இடம் பிடிக்காமல் அடுத்த பைக்கு மாறியது. நான் யாரையும் தடுக்கவில்லை. அதுக்கெல்லாம் அப்போது தெம்பு ஏது?

கரையில் என்ன நடந்தது என்பதைப் பேக்கரிக்காரர் பிற்பாடு சொன்னார். அவர் குசுகுசுவென்று, "கையில பறவை உக்காந்திருக்கு, அப்பவும் அசைய மாட்டேங்கிறாரே! என்ன மனுஷன்யா!" என்றாராம். டாக்டரம்மா, "என்கிட்ட பல் பிடுங்க வந்தா மட்டும் நாற்காலியையே பேத்தெடுக்கிறார்" என்றாராம். மச்சான் லென்ஸிலிருந்து கண்ணையே எடுக்கவில்லையாம்.

தண்ணீர் மார்பை எட்டியது. மூச்சை முழுசாக இழுக்க முடியவில்லை. நெஞ்சைச் சுற்றிக் கயிறு கட்டின மாதிரி இருந்தது. மனைவியின் ஞாபகம் வந்தது. மருந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டதற்கு, ஆச்சு என்று பொய் சொல்லிவிட்டு வந்திருந்தேன். இனி அந்த மாத்திரையைச் சாப்பிட்டு என்ன, சாப்பிடாமல் என்ன.

அப்போதுதான் அது வந்தது.

பொடிக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஒன்று மட்டும் பிரிந்து, மேட்டின் ஓரத்துக்கு ஓடிவந்தது. தலையைக் குனிந்து, தண்ணீரில் அலகை வைத்து இப்படியும் அப்படியுமாகத் துழாவியது. மற்றவை குத்திக் குத்தி எடுக்கும், இது துடைப்பம் போட்டது. தலையை நிமிர்த்தியது. கரண்டி. சந்தேகமே இல்லை. சேறு ஒட்டிய குட்டிக் கரண்டி.

இடுப்பு மரத்துப்போய்த் திரும்பாததால் கழுத்தை மட்டும் ஒடித்துக் கரையைப் பார்த்தேன். மச்சான் தொலைநோக்கிமேல் குனிந்திருந்தான். அவன் உடம்பில் ஒரு அணு அசையவில்லை. பக்கத்தில் மற்ற இருவரும் அப்படியே. எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பறவை அங்கே நிற்கும்வரை இவர்கள் எழுந்திருக்கப் போவதில்லை. மேடு முழுகும்வரை அது நிற்கும். மேடு முழுகுவதற்கு முன்னால் நான் முழுகிவிடுவேன். மேட்டைவிட நான் பள்ளத்தில் இருந்தேன்.

அவர்களை என்னிடம் ஓடிவரச் செய்வதற்கு உலகத்தில் ஒரே ஒரு வழிதான் இருந்தது. அந்தப் பறவையை விரட்ட வேண்டும். விரட்டினால் என்னை உதைப்பதற்காகவாவது மச்சான் வருவான்.

உங்களுக்கு இது சுலபமாகத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரிந்தது, இடது கையால் தொப்பியைக் கழற்றுகிறவரை. கழற்றியபின் கொஞ்சம் தயங்கினேன். எத்தனை குளிர்காலம் இவன் விறைத்துப்போய் வீட்டுக்கு வந்து, வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு, "இன்னிக்கும் இல்லக்கா" என்று சொன்னதைக் கேட்டிருக்கிறேன். இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளட்டும் என்று நினைத்தேன். தண்ணீர் தோளுக்கு வந்தது. இன்னும் கொஞ்சம். தாடைக்குக் கீழே ஜில்லென்று பட்டது.

போதுமடா மச்சான் என்று தொப்பியை வீசினேன்.

மேடே எழுந்து பறந்தது போலிருந்தது. ஆயிரக்கணக்கான சிறகு ஒரே நேரத்தில் அடித்த காற்றில் என் கண் மூடிக்கொண்டது. முஷ்டிமேல் இருந்த ஆலாவும் போனது. கண்ணைத் திறந்தபோது எதிரே மேட்டில் என் தொப்பி மட்டும் இருந்தது.

கரையில் மச்சான் தொலைநோக்கியைத் தட்டிவிட்டு எழுந்தான். என் கல்யாணத்திலிருந்து பார்க்கிறேன், என் முன்னால் குரலை உயர்த்தாதவன். அன்று வாய்க்கு வந்ததையெல்லாம் கத்திக்கொண்டே ஓடிவந்தான். காற்று அவன் பக்கமிருந்து வீசியதால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்டது.

"யோவ் அத்தான்! உனக்கு அறிவிருக்கா? பைத்தியமா பிடிச்சிருக்கு? எத்தனை வருஷம்! எத்தனை வருஷம்யா!"

சந்தோஷமாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த நொடிதான் கவனித்தேன். அவன் நான் வந்த தடத்திலேயே நேராக ஓடிவந்தான். இன்னும் பத்துப் பதினைந்து அடி போனால் அவனும் பாலாடைமேல் கால் வைப்பான். இருவரும் ஜோடியாக முழுக வேண்டியதுதான்.

என்னால் கத்த முடியவில்லை. வாயைத் திறந்தால் கடல் உள்ளே வந்தது. ஆனால் என் வலது கை இன்னும் மேலேயே இருந்தது. நானே மறந்துவிட்டேன். மரத்துப்போய், இறக்கச் சொன்னாலும் இறங்காமல், கொடிக்கம்பம் மாதிரி நின்றது. மச்சான் அதைப் பார்த்தான். பார்த்ததும், கோபம் கோபமாக இருக்க, கால்கள் மட்டும் நின்றுவிட்டன. சட்டென்று குந்திக்கூட உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தபின்தான் என் தலை மட்டும் தண்ணீர்மேல் இருப்பது அவன் கண்ணில் பட்டது.

"அத்தான்! என்ன ஆச்சு? ஏன் சொல்லல?"

"சொல்லிக்கிட்டேதான்டா இருக்கேன்" என்றேன். வாயில் இருந்த தண்ணீரைத் துப்பிவிட்டு, "படுத்து வா. நடந்தா நீயும் போயிடுவ" என்றேன்.

அவன் பின்னால் திரும்பி அலறினான். டாக்டரம்மாவும் பேக்கரிக்காரரும் பறவை பார்க்கும் கொட்டகையிலிருந்த மரப்பெஞ்சைப் பேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெஞ்சைத் தண்ணீரில் மிதக்கவிட்டுத் தள்ளி, மச்சான் அதன்மேல் குப்புறப் படுத்து நகர்ந்து வந்து, என் அக்குளில் கைகொடுத்து இழுத்தான். எனக்கு உடம்பு இரண்டாகப் பிய்ந்துவிடும் போலிருந்தது. கால் ஒரு விரல்கூட அசையவில்லை.

"நேரா இழுக்காதீங்க!" என்று டாக்டரம்மா பெஞ்சின் மறுமுனையிலிருந்து கத்தினார். "நேரா இழுத்தா வராது, உடையும். ஆட்டணும். முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி இடம் பண்ணணும். ஐயா, ஒரு காலை மட்டும் ஆட்டுங்க. இன்னொண்ணை மறந்துடுங்க."

"ஊசி போட மாட்டீங்களாம்மா?"

"வாயை மூடிக்கிட்டு ஆட்டுங்க!"

தண்ணீர் உதட்டைத் தாண்டியது. முகத்தை வானத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, மூக்கால் மூச்சுவிட்டபடி, வலது காலை ஆட்டினேன். முன்னே. பின்னே. ஒன்றும் நடக்கவில்லை. முன்னே. பின்னே. மச்சான் என் தலையைத் தன் முழங்கையில் ஏந்தி மேலே வைத்திருந்தான். அவன் முகம் என் முகத்துக்கு மேலே தலைகீழாகத் தெரிந்தது. அழுதுகொண்டிருந்தான். மூக்கில் தண்ணீர் ஏறியது. இருமினேன். இருமிய வேகத்தில் கீழே எங்கோ ஒரு குமிழி கிளம்பி, கால் ஓரமாக ஊர்ந்து மேலே வந்தது.

"வருது! வருது! விடாதீங்க!"

பூட்ஸைச் சேற்றுக்கே கொடுத்துவிட்டு வலது கால் வந்தது. இடது காலுக்கு அவ்வளவு நேரம் ஆகவில்லை. ஜோடி போன பிறகு அதற்கு அங்கே என்ன வேலை. பெஞ்சின்மேல் என்னை மூட்டை மாதிரி போட்டு, பேக்கரிக்காரர் கால்பக்கத்தைப் பிடித்து இழுக்க இழுக்க, கரைக்கு வந்து சேர்ந்தேன்.

சூரியன் நன்றாக ஏறியிருந்தது. டாக்டரம்மா போன்களை எடுத்து ஆம்புலன்சைக் கூப்பிடுவதற்காகச் சிக்னல் கிடைக்கிற பக்கம் போனார். பேக்கரிக்காரர் தன் கோட்டை என்மேல் போட்டுவிட்டு, வண்டியில் சூடாக ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க ஓடினார். என் வலது கையை மச்சான் மெதுவாக அழுத்தி அழுத்தி இறக்கிவிட்டான். இருவரும் சதுப்பைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். சற்றுமுன் நான் நின்ற இடத்தில், தொப்பி விழுந்த மேட்டில், எல்லாம் ஒரே தண்ணீர்.

"பார்த்தியா?" என்றேன்.

"ம்."

"நல்லாவா?"

"கரண்டி வரைக்கும்." முழங்கைச் சேற்றை வழித்துக்கொண்டே, "அத்தான், ஒண்ணு சொல்லணும்" என்றான்.

"சொல்லு."

"லென்ஸை அதும்மேலேயே வெச்சிருந்தேனா. அதுக்குப் பின்னால மங்கலா ஒரு கறுப்பு தெரிஞ்சது. கம்பம்னு நினைச்சேன். கம்பம் கொஞ்சம் கொஞ்சமா குட்டையாகுதேன்னும் தோணிச்சு." அவன் என்னைப் பார்க்கவில்லை. "அப்புறமா பார்த்துக்கலாம்னு விட்டுட்டேன்."

நான் அவன் முகத்தைப் பார்த்தேன். கன்னமெல்லாம் சேறு. கண் மட்டும் கழுவிவிட்ட மாதிரி இருந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நான் தயங்கிய நேரத்தைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். சொன்னால் இவன் இன்னும் அழுவான்.

"அது துழாவும்போது கழுத்தை எந்தப் பக்கம் முதல்ல திருப்பிச்சு?" என்று கேட்டேன். "எனக்குச் சரியாத் தெரியல. கண்ணுல தண்ணி."

அவன் மூக்கைத் துடைத்துக்கொண்டான். ஒரு கையைத் தூக்கி, உள்ளங்கையைச் சேறாக வைத்துக்கொண்டு, மறுகையின் ஆள்காட்டி விரலை மடக்கி அலகாக்கி, இடப்பக்கத்திலிருந்து மெதுவாகத் துழாவிக் காட்ட ஆரம்பித்தான்.

ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகும் காட்டிக்கொண்டிருந்தான். வந்த ஆள் இறங்கி எங்கள் இருவரையும் பார்த்தார். யாரை முதலில் ஏற்றுவது என்று அவருக்குத் தெரியவில்லை.